அமெரிக்கப் பள்ளிக்கூடம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் நியூ ஜெர்சிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஸ்கூலில்தான் போய் நிற்கும். புதிதாக வந்த குடும்பங்கள் கேட்பது ஒரு பக்கம். ஊரிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் கேட்பது இன்னொரு பக்கம். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது என்று எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். கல்லூரி, கல்விக் கடன் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அது தனிக் கதை.

“அக்கா, இங்கே எந்த போர்டு? சி.பி.எஸ்.இ. மாதிரி ஏதாவது இருக்குமே?”

கிடையாது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. அதில் சொல்லாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கு என்று பத்தாவது திருத்தம் சொல்வதால், பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. மாநிலங்கள் அதைப் பெரும்பாலும் ஊர்களிடம் விட்டுவிட்டன. இப்படி நாடு முழுக்க 13,000-க்கும் மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள். நம்மூர் ஜில்லாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு டிஸ்ட்ரிக்டைக் காரில் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஹவாய் மட்டும் விதிவிலக்கு. மாநிலம் முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட்.

பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களுக்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு போர்டு உண்டு. பட்ஜெட், ஆசிரியர் ஒப்பந்தம், எந்தப் புத்தகம், எத்தனை மணிக்கு பஸ் என்பதெல்லாம் அவர்கள் கையில். மத்திய அரசின் பணம் சாதாரண வருடங்களில் பத்தில் ஒரு பங்குதான். மீதியை மாநிலமும் ஊரும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் போடுகின்றன. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

“கவர்ன்மென்ட் ஸ்கூல் இலவசம்தானே? அப்புறம் ஏன் ‘நல்ல ஸ்கூல் இருக்கிற ஊரு’ன்னு வீட்டுக்கு ஒரு லட்சம் டாலர் கூடக் கொடுக்கறாங்க?”

அந்த ஒரு லட்சம்தான் ஃபீஸ். ஊர் போடும் பங்கு பெரும்பாலும் வீட்டின் மேல் விதிக்கும் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடு விலை கூடிய ஊரில் வரி கூட வரும், ஸ்கூலுக்குப் பணம் வரும், அந்த ஸ்கூலுக்காக இன்னும் பேர் வருவார்கள், வீடு விலை இன்னும் ஏறும். வீடு விற்கும் இணையதளங்களில் படுக்கையறை எண்ணிக்கைக்குக் கீழேயே பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வீடு வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை: அந்த மதிப்பெண் தேர்வு முடிவுகளைப் பெரிதும் நம்பியது. தேர்வு முடிவு பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டி ஏறும். ஒன்பது வாங்கிய பள்ளியில் ஆசிரியர் அபாரமாகச் சொல்லித் தருகிறாரா, பிள்ளைகள் எல்லோரும் டியூஷன் போகிறார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது.

“பணக்கார ஊர்க்காரன் நிறைய வரி கட்டறான், நல்ல ஸ்கூல் கிடைக்குது. இதுல என்ன அநியாயம்?”

நிறைய வரி கட்டுகிறான் என்பதே பாதி உண்மைதான். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்துக்குள்ளேயே எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு டிஸ்ட்ரிக்ட்கள். முதலாவதில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். 1967-68-ல் எட்ஜ்வுட்காரர்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். ஆனால் அந்த வரியில் ஒரு மாணவருக்கு மிஞ்சியது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். ஏழை ஊர்க்காரன் கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் பன்னிரண்டில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அவன் வீட்டுக்கு விலையே இல்லை, அவ்வளவுதான் காரணம்.

டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகட்டு வேலைத் தொழிலாளி மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து 1968-ல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் திருப்பிவிட்டது: கல்வி முக்கியம்தான், ஆனால் அரசியல் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று. அன்றைக்கு ஒரே ஒரு நீதிபதி மாற்றி எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தப் பக்கத்தை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு சண்டை மாநில நீதிமன்றங்களுக்குப் போனது, ஏனென்றால் மாநில அரசியல் சட்டங்களில் கல்வி உண்டு. டெக்சாஸ் உச்ச நீதிமன்றமே 1989-ல் எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993-ல் பணக்கார டிஸ்ட்ரிக்டின் உபரியை எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு ‘ராபின் ஹூட்’ என்று பட்டப்பெயர். பென்சில்வேனியாவில் 2023-ல்தான் இப்படி ஒரு தீர்ப்பு வந்தது. ஐம்பது வருடமாக மாநிலம் மாநிலமாக அதே வழக்கு நடக்கிறது.

“பக்கத்து ஊர்ல இருக்கிற மச்சான் அட்ரஸைக் கொடுத்து சேர்த்துடலாமா?”

வேண்டாம். ஒஹாயோவில் ஆக்ரன் நகரத்துத் தாய் ஒருவர், தன் அப்பா குடியிருந்த பக்கத்து டிஸ்ட்ரிக்டின் முகவரியில் இரண்டு பெண்களைச் சேர்த்ததற்காக 2011-ல் சிறைக்கே போனார். பிறகு ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். சில டிஸ்ட்ரிக்ட்கள் காலையில் பிள்ளை எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க ஆள் வைப்பதுண்டு. இலவசக் கல்வியைத் திருடிவிட்டார் என்று ஒரு தாயைப் பிடித்து உள்ளே வைக்கும் நாடு எப்படிப்பட்ட நாடு என்று யோசித்தால், டிஸ்ட்ரிக்ட் எல்லைக்கோட்டின் மகிமை புரியும்.

“விசா ஸ்டேட்டஸ் எல்லாம் ஸ்கூல்ல கேப்பாங்களா?”

கேட்கக் கூடாது. 1982-ல் அதே டெக்சாஸிலிருந்து வந்த இன்னொரு வழக்கில், ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதுவும் ஐந்துக்கு நான்குதான், இந்த முறை நல்ல பக்கம் விழுந்தது. எச்-4-ல், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசாவில், வந்த உங்கள் பிள்ளைக்குப் பயமே வேண்டாம். வீட்டு ஒப்பந்தம், மின்சார பில், தடுப்பூசிச் சீட்டு இருந்தால் போதும். தடுப்பூசிச் சீட்டை மட்டும் ஊரிலிருந்தே ஆங்கிலத்தில் வாங்கி வந்துவிடுங்கள்.

“ஒரு பையனுக்கு வருஷத்துக்கு 15,000 டாலர் செலவு பண்றாங்களாம். இவ்வளவு கொட்டியும் ஏன் இப்படி?” (சித்தப்பா)

15,600 டாலர் போல ஆகும், 2022 கணக்குப்படி. ஆனால் அது சராசரி, சராசரி இங்கே நன்றாக ஏமாற்றும். நியூயார்க் மாநிலம் சுமார் 30,000 செலவழித்தது, யூட்டாவும் ஐடஹோவும் 10,000-க்கும் கீழே. அந்தப் பணத்தில் ஆசிரியரின் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், மஞ்சள் பஸ், பனிக்காலத்துச் சூடேற்றும் செலவு எல்லாம் அடக்கம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வியும் அடக்கம். 1975-ல் அதைச் சட்டமாக்கியபோது, அந்தக் கூடுதல் செலவுக்காக ஒரு மாணவருக்கான நாட்டின் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு சொன்னது. சாதாரண வருடங்களில் அதில் பாதியைக்கூட எட்டியதில்லை. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, உலகத்திலேயே மதிக்கத்தக்க சட்டங்களில் ஒன்று. சொன்னவர்கள் பணத்தைத் தரவில்லை, அதுதான் பிரச்சினை.

பணம் போட்டால் பலன் வருமா என்றால், எங்கே போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் மாநிலத்தில் ஆபட் வழக்கு என்று ஒன்று 1980-களிலிருந்து ஓடியது. ஏழை டிஸ்ட்ரிக்ட்களுக்குப் பணக்கார ஊர்களுக்குச் சமமாகக் கொடு என்றது நீதிமன்றம். 1998-ல் அந்த ஊர்களில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல தரத்தில் இலவச மழலையர் வகுப்பு நடத்தவும் உத்தரவிட்டது. யூனியன் சிட்டியில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் ஏழைப் பிள்ளைகள் நிறைந்த அந்த ஊரின் பள்ளிகளைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அதே பணம் கேம்டனுக்கும் போனது. 2013-ல் மாநிலமே அந்த டிஸ்ட்ரிக்டைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் மாநிலத்திலேயே உள்ள நூவர்க் நகரத்துக்கு 2010-ல் ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க் 10 கோடி டாலர் கொடுத்தார். அதில் கணிசமான பகுதி வெளியிலிருந்து வந்த ஆலோசகர்களின் பைக்குப் போனதைத்தான் ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

“அமெரிக்காக்காரனுக்குக் கணக்கு வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா?” (இதுவும் சித்தப்பாதான்)

பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பீசா தேர்வு 2022-ல் நடந்தபோது கணிதத்தில் அமெரிக்கா 465, வளர்ந்த நாடுகளின் சராசரி 472, சிங்கப்பூர் 575. ஆக, கணக்கில் சுமார்தான். ஆனால் வாசிப்பில் 504. அதே நாடுகளின் சராசரி 476. மோசமான மாணவன் வாங்கும் மதிப்பெண் இல்லை இது.

சித்தப்பாவுக்கு நான் எப்போதும் சேர்த்துச் சொல்வது: 2009 சுற்றையொட்டி அதே தேர்வைத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. 74 இடங்களில் 72, 73. அடுத்து வந்த சுற்றுகளை இந்தியா தவிர்த்துவிட்டது. இதைச் சொன்னால் சித்தப்பா இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் வரமாட்டார்.

கவலைப்பட வேண்டிய எண் உள்நாட்டில் இருக்கிறது. நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கும் ‘நேப்’ தேர்வில், 2024-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் வாசிப்பில் அடிப்படை நிலைக்கும் கீழே. அந்தத் தேர்வின் வரலாற்றிலேயே இவ்வளவு பேர் கீழே இருந்ததில்லை. கொரோனாவுக்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது, கொரோனா அதைப் பிடித்துத் தள்ளிவிட்டது. மேல்வரிசைப் பிள்ளைகள் ஓரளவு எழுந்துவிட்டார்கள், அடிவரிசை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

“என் பொண்ணு ரெண்டாம் கிளாஸ். படத்தைப் பாத்து யூகிச்சுப் படிக்கறா. டீச்சர் அதையே பாராட்டறாங்க. சரியா இது?”

சரியில்லை. இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் மகள் ஒருநாள் இரவு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ‘போட்’ என்று எழுதியிருந்தது. இவள் ‘ஷிப்’ என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். படத்தில் இருந்தது கொஞ்சம் பெரிய படகு. “முதல் எழுத்தைப் பார்” என்றேன். “மிஸ் படத்தைப் பார்க்கச் சொன்னாங்க” என்றாள். மறுநாள் கேட்டபோது, “பொருள் புரிந்துதானே வாசித்திருக்கிறாள்” என்றார் அந்த ஆசிரியை. நல்ல மனுஷி. அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

தமிழில் க, கா, கி என்று ஒலியோடுதான் எழுத்தைப் பிடிக்கிறோம், அதனால் நமக்கு இது விசித்திரமாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் நேர்க்கோட்டில் போகாது என்பதால், பிள்ளைகள் படம், சூழல், முதலெழுத்து ஆகியவற்றை வைத்துத் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள் என்ற கொள்கை பல பத்தாண்டுகள் ஆசிரியர் பயிற்சியில் கோலோச்சியது. 2000-ல் தேசிய வாசிப்புக் குழு அத்தனை ஆய்வுகளையும் பார்த்து, ஒலி-எழுத்து முறையை, அதாவது ஃபோனிக்ஸை, வரிசையாகச் சொல்லிக்கொடுப்பதே பலன் தருகிறது என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. பழைய முறைப் புத்தகங்கள் இருபது வருடம் மேலும் விற்றன. 13,000 போர்டுகள் தனித்தனியாகப் புத்தகம் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவோ டியூஷனோ ஃபோனிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன், மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. இரவு ஷிஃப்டுக்குப் போகும் அம்மாவின் பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை யூகித்துக்கொண்டே போகும்.

“சரி, இதை யாராவது மாத்திக் காட்டியிருக்காங்களா?”

மிசிசிப்பி. ஆமாம், எந்தப் பட்டியலிலும் கடைசியில் கிடக்கும் மிசிசிப்பி. 2013-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆசிரியர்களுக்கு ஒலி-எழுத்து முறையில் புதிதாகப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே சம்பளம் கொடுத்து அனுப்பிய வாசிப்புப் பயிற்சியாளர்கள், மழலையர் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சோதித்துத் தடுமாறுபவர்களைக் கண்டுபிடிப்பது, மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க வராவிட்டால் நான்காவதுக்கு அனுப்பாமல் நிறுத்துவது. அப்போது நேப் தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பில் அவர்கள் மதிப்பெண் 209, நாட்டில் கிட்டத்தட்டக் கடைசி. 2019-ல் 219, நாட்டின் சராசரி. 2024-ல் பெரும்பாலான மாநிலங்கள் சரிந்தபோது இவர்கள் அதே 219-ல் நின்று சராசரியைத் தாண்டிவிட்டார்கள். இத்தனைக்கும் பள்ளிக்குக் குறைவாகச் செலவழிக்கும் மாநிலங்களில் அதுவும் ஒன்று.

எனக்கு இதில் பிடித்தது, யாரும் புரட்சி என்று கொடி பிடிக்கவில்லை. ஒரே வேலையை ஆட்சியாளர்கள் மாறியும் விடாமல் பத்து வருடம் செய்தார்கள்.

“பெயிலாக்கி நிறுத்திட்டு மீதிப் பேரை மட்டும் பரீட்சை எழுத வெச்சா மார்க் ஏறத்தானே செய்யும்?”

நியாயமான சந்தேகம். ஆனால் நிறுத்தப்பட்ட பிள்ளை காணாமல் போவதில்லை. அடுத்த வருடம் நான்காம் வகுப்புக்கு வந்து அதே கூட்டத்தில் எண்ணப்படுகிறது. ஒரு வயது கூடுதலாக வந்து எழுதுகிறது என்பது உண்மை, அதில் கொஞ்சம் லாபம் இருக்கலாம். முழு ஏற்றத்தையும் அதன் தலையில் கட்ட முடியாது.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் மிசிசிப்பி இன்னும் நாட்டின் சராசரிக்குக் கீழேதான். எழுத்துக் கூட்டி வாசிப்பது வாசல். உள்ளே போக வரலாறு, அறிவியல், சொல்வளம் எல்லாம் வேண்டும். அதற்கு இன்னும் யாரும் மிசிசிப்பி மாதிரி ஒரு வழி காட்டவில்லை.

“டெஸ்ட் வெச்சு, மார்க் வரலைன்னா ஸ்கூல் மேல நடவடிக்கை எடுத்தா எல்லாம் தானா சரியாகுமே?”

அதைத்தான் 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் செய்தது. மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வருடந்தோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேற வேண்டும். நூற்றுக்கு நூறு என்று எழுதியவர்கள் வகுப்பறைக்குள் போயிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். பல மாநிலங்கள் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்து வைத்துக்கொண்டன. தேர்வில் வராத வரலாறும் ஓவியமும் கால அட்டவணையில் சுருங்கின.

அட்லாண்டாவில் அது கேவலத்தில் முடிந்தது. 2011-ல் மாநில விசாரணை 44 பள்ளிகளில் முறைகேட்டைக் கண்டுபிடித்தது. ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். தவறான விடையை அழித்துவிட்டுச் சரியான வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தார்கள். 2015-ல் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது, அதுவும் மாஃபியாக் கும்பல்கள் மேல் போடும் சட்டத்தில். தேறிவிட்டதாகத் தாளில் காட்டப்பட்ட பிள்ளைக்குக் கூடுதல் உதவி கிடைக்காமல் போனதைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் ஒரு நல்லதும் செய்தது. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைகள், ஆங்கிலம் கற்போர் என்று தனித்தனியாக முடிவை வெளியிட வைத்தது. சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியவில்லை. 2015-ல் வந்த அடுத்த சட்டம் தேர்வை வைத்துக்கொண்டு, தண்டனையை மாநிலங்களிடம் விட்டது. என் கருத்து: தெர்மாமீட்டரை உடைக்க வேண்டாம், அதை வைத்து நோயாளியை அடிக்கவும் வேண்டாம்.

“இவ்வளவு பணக்கார நாட்டுல டிஷ்யூ டப்பாவும் பென்சிலும் நாம ஏன் வாங்கித் தரணும்?”

ஆகஸ்டில் வரும் அந்தப் பட்டியலைச் சொல்கிறீர்கள். இரண்டு டஜன் பென்சில், பசைக் குச்சி பன்னிரண்டு, டிஷ்யூ மூன்று பெட்டி. நீங்கள் வாங்காவிட்டால் ஆசிரியர் தன் கைக்காசைப் போடுவார். இது எவ்வளவு சகஜம் என்றால், ஆசிரியர் இப்படிச் செலவழிப்பதில் சில நூறு டாலரை வருமானத்தில் கழித்துக்கொள்ள வருமான வரிப் படிவத்தில் தனி இடமே இருக்கிறது.

ஆசிரியரின் சராசரிச் சம்பளம் 70,000 டாலருக்கு மேல். கேட்க நன்றாக இருக்கும். அதே பட்டப்படிப்பு படித்து வேறு வேலைக்குப் போனவரோடு ஒப்பிட்டால் குறைவு, புதிதாகச் சேர்பவருக்கு இன்னும் குறைவு. 2018-ல் மேற்கு வர்ஜீனியாவில் 55 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து ஐந்து சதவீத உயர்வு வாங்கினார்கள். அதைப் பார்த்து ஒக்லஹோமா, அரிசோனா என்று பரவியது. கணிதம், அறிவியல், சிறப்புக் கல்விக்கு ஆள் கிடைக்காமல் தகுதிச் சான்று முடிக்காதவர்களை வைத்து ஓட்டும் டிஸ்ட்ரிக்ட்கள் ஏராளம். எவை என்று கேட்காதீர்கள். மேலே சொத்து வரி பற்றிய பதிலைப் படித்தவர்களுக்கே தெரியும்.

“ஸ்கூல் லஞ்ச்சுக்குக் கடன் வைக்கறாங்களாமே, நிஜமா?”

நிஜம்தான். பள்ளி உணவுத் திட்டம் 1946-லிருந்து இருக்கிறது, ஆனால் பல இடங்களில் வருமானக் கணக்குப் பார்த்துத்தான் இலவசம். வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர் பிள்ளையின் கணக்கில் பணம் தீர்ந்தால் கடன் ஏறும். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. 2022-ல் அதை நிறுத்தியதும் கலிஃபோர்னியா, மெய்ன் போன்ற மாநிலங்கள் சொந்தச் செலவில் தொடர்ந்தன. காமராஜர் காலத்து மதிய உணவும் எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே கூச்சமாக இருக்கும்.

“ஊருக்குப் போறோம், ஒரு மாசம் லீவு போட்டா என்ன?”

180 நாளில் 18 நாள் வராவிட்டாலே ‘நாட்பட்ட விடுப்பு’க் கணக்கில் போய்விடும். கொரோனாவுக்கு முன் ஏழில் ஒரு பிள்ளை அந்தக் கணக்கில் இருந்தது, 2021-22-ல் நான்கில் ஒன்றுக்கும் மேல். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரையே நீக்கிவிட்டு, திரும்பி வந்ததும் புதிதாகச் சேர்க்கச் சொல்லும் இடங்களும் உண்டு. டிக்கெட் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள்.

“சார்ட்டர், வவுச்சர்னு சொல்றாங்களே. போட்டி வந்தா தரம் தானா ஏறும் இல்லையா?”

இரண்டும் வேறு. சார்ட்டர் என்பது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் இலவசப் பள்ளி. 1991-ல் மினசோட்டாவில் முதல் சட்டம். பாஸ்டனில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் சார்ட்டர் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். மறுபக்கம், ஒஹாயோவில் ஒரு பெரிய இணையவழிச் சார்ட்டர், வராத பிள்ளைகளுக்கும் பணம் வாங்கிய விவகாரத்தில் மாட்டி, 2018 ஜனவரியில் படிப்பு பாதியில் இருக்கும்போதே இழுத்து மூடியது. சுமார் 12,000 பிள்ளைகள் நடுத்தெருவில். ‘சார்ட்டர் நல்லதா’ என்ற கேள்விக்கு, ‘ஹோட்டல் சாப்பாடு நல்லதா’ என்பதற்கு என்ன பதிலோ அதுதான்.

வவுச்சர் என்பது அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக்குக் கொண்டுபோவது. 1990-ல் மில்வாக்கியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. லூசியானாவில் வவுச்சரில் போன பிள்ளைகளின் கணித மதிப்பெண் இறங்கியதாக ஆய்வு வந்தது. அரிசோனா 2022-ல் வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் திறந்தது, ஏற்கெனவே தனியாரில் படித்தவர்கள்தான் முதலில் ஓடிவந்து வாங்கினார்கள். 2025-ல் டெக்சாஸ் 100 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. தனியார் பள்ளி யாரைச் சேர்ப்பது என்று தானே தீர்மானிக்கும். நீங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்கிறார்கள். பள்ளி உங்களைத் தேர்ந்தெடுக்கிறது.

“கறுப்பர், வெள்ளையர் தனித்தனி ஸ்கூல் எல்லாம் 1954-லயே முடிஞ்சுடுச்சே?”

சட்டத்தில் முடிந்தது, இனம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்கில். அப்புறம் வெள்ளைக் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போய்விட்டன. டெட்ராய்ட்டில் நகரப் பள்ளிகளையும் சுற்றியுள்ள 53 புறநகர் டிஸ்ட்ரிக்ட்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலக்கச் சொன்னது கீழ் நீதிமன்றம். 1974-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது: புறநகர்கள் தப்புச் செய்ததாக நிரூபிக்காமல் அவற்றின் எல்லையைத் தாண்ட முடியாது. மறுபடி ஐந்துக்கு நான்கு. மேலே சொன்ன 1973 எட்ஜ்வுட் தீர்ப்புக்கு அடுத்த வருடம். முதலாவது, பணம் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை என்றது. இரண்டாவது, பிள்ளையும் தாண்ட வேண்டாம் என்றது. இந்த நாட்டுப் பள்ளிகளைப் புரிந்துகொள்ள இரண்டே தீர்ப்பு படிக்க நேரம் இருந்தால் இந்த இரண்டையும் படியுங்கள்.

“ட்ரம்ப் கல்வித் துறையையே மூடிட்டாராமே. என் பையன் ஸ்கூல் என்ன ஆகும்?”

உங்கள் பையனின் ஸ்கூல் திங்கட்கிழமை திறந்திருக்கும். அந்தத் துறை 1979-ல்தான் சட்டமாகி வந்தது, பள்ளி நடத்துவது அதன் வேலையே இல்லை. 2025 மார்ச்சில் மூடும் பணியைத் தொடங்க ஆணை போட்டார். சட்டத்தால் வந்ததைக் காங்கிரஸ்தான் கலைக்க முடியும். ஆனால் பாதி ஊழியர்களைக் குறைக்கும் திட்டத்துக்கு ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

வலிக்கப்போவது மேலே சொன்ன பத்தில் ஒரு பங்குப் பணத்தை நம்பியிருப்பவர்களுக்கு: ஏழைப் பள்ளிகள், சிறப்புக் கல்விப் பிள்ளைகள். பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்கும் பிராந்திய அலுவலகங்கள் 12-ல் ஏழு மூடப்பட்டன. நேப் தேர்வை நடத்துவதும் இந்தத் துறையின் கீழ்தான். அது கெட்டுப்போனால் மிசிசிப்பி உயர்ந்ததா இறங்கியதா என்பதே தெரியாமல் போய்விடும்.

“எல்லாரும் சமம்னு சொல்லி எட்டாவதுல அல்ஜீப்ராவை எடுத்துட்டா, கெட்டிக்காரப் பிள்ளைங்க கதி?”

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2014-ல் எடுத்தார்கள். பின்தங்கிய பிள்ளைகள் முன்னேறவில்லை, வசதியான பிள்ளைகள் வெளியே காசு கொடுத்துப் படித்தார்கள். 2024 மார்ச்சில் ஊரே ஓட்டுப் போட்டு, பெரும்பான்மையாகத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அல்ஜீப்ராவுக்குக் கையெழுத்து வாங்க ஒரே மாலையில் இருநூறு தமிழர், தெலுங்கர் சேருகிறோம். பக்கத்து டிஸ்ட்ரிக்டோடு ஓர் உயர்நிலைப் பள்ளியைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று பேச்சு வந்தபோதும் அதே இருநூறு பேர் சேர்ந்தோம், வேண்டாம் என்று சொல்ல.

“அக்கா கையில அதிகாரம் கொடுத்தா முதல்ல எதை மாத்துவீங்க?”

பணம் சேரும் வழியை. வீட்டு வரியிலிருந்து பள்ளியைப் பிரித்து, மாநிலமே வசூலித்து, ஏழைப் பிள்ளை உள்ள இடத்துக்குக் கூடுதலாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடுத்து மூன்று வயதிலிருந்து மழலையர் வகுப்பு, யூனியன் சிட்டி மாதிரி. மூன்றாவது, வாசிப்புக்கு மிசிசிப்பி செய்ததை அப்படியே. மாசசூசெட்ஸ் 1993-ல் பணத்தையும் பாடத்திட்டத்தையும் ஒரே சட்டத்தில் கட்டிப்போட்டது. அதற்குப் பிறகுதான் நேப் பட்டியலில் உச்சிக்குப் போனது. முதல் மாற்றத்துக்கு என் வீட்டு விலை குறையும். அதனால்தான் அது நடக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

“நாங்க சிட்டிசன் இல்ல, ஓட்டு இல்ல. எங்களால என்ன பண்ண முடியும்?”

சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம். மற்ற இடங்களிலும் போர்டு கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், பேசலாம். விசா கேட்கமாட்டார்கள். பெயரும் தெருவும் சொன்னால் போதும்.

நான் முதல் முறை போனது அந்தப் ‘போட்’, ‘ஷிப்’ விவகாரத்துக்காக. ஐந்து நிமிடப் பேச்சு எழுதிக்கொண்டு போனேன். அங்கே மூன்று நிமிடம்தான், மைக்குக்கு முன்னால் போக்குவரத்து விளக்கு மாதிரி ஒரு பெட்டி. மஞ்சள் எரிந்ததும் பதறி, எழுதியதை மடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: இந்த வாசிப்புப் புத்தகத்தை எந்த வருடம் வாங்கினீர்கள், அடுத்து எப்போது மாற்றுவீர்கள்? “பார்த்துச் சொல்கிறோம்” என்றார்கள். அடுத்த மாதமும் போய் அதே கேள்வி. மூன்றாவது மாதம் இன்னும் நான்கு அம்மாக்களோடு போனேன், அன்றைக்குப் பதில் வந்தது. புத்தகம் மாற இரண்டு வருடம் ஆயிற்று. என் மகள் அதற்குள் ஐந்தாவது போய்விட்டாள். ஆகஸ்ட் கூட்டத்துக்குப் போங்கள், விடுமுறை என்பதால் ஆளே இருக்காது, நிதானமாகக் கேட்பார்கள்.